ஐந்து ஆம்பியர்

வாடகை ஒப்பந்தத்தில்
அறை மூன்று, கணப்பு ஒன்று,
பேரிக்காய் மரம் இரண்டு என்று எழுதியிருந்தார்கள்.
ஆணியைப் பற்றி எழுதவில்லை.

குன்னூரில் நாங்கள் இறங்கிய நவம்பரில்
தூத்துக்குடி உப்பு
பெட்டிகளின் பூட்டில் இன்னும் ஒட்டியிருந்தது.
எனக்குத் தபால் நிலையத்தில் மாற்றல்.
என்னோடு வந்ததால் செல்வினுக்கு வேலை இல்லை,
அதனால் குளிர் அதிகம்.
முதல் சம்பளத்தில் ஒரு ஹீட்டர்,
இரண்டு கம்பி சிவக்கிற ரகம், இரண்டாயிரம் வாட்.
படுக்கையறை பிளக்கில் செருகினோம்.
பதினாறு நாள் முணுமுணுப்பே இல்லை.
வெள்ளைக்காரன் காலத்து வீடு,
பலமான வீடு என்றான் செல்வின்.

பதினேழாம் நாள் இரவு
சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில்
மீன் வறுக்கிற வாசனை.
சீலாவா ஊளியா என்று
ஒரு நிமிடம் இருவரும்
ஊரை மோந்துகொண்டு நின்றோம், சிரித்துக்கொண்டு.
அப்புறம்தான் சுவர் சுட்டது.

மறுநாள் வந்த போஜனுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு.
மெயினை இறக்கினார்.
கறுத்த தேக்குப் பலகையில் நான்கு பீங்கான் கட்டைகள்;
ஒவ்வொன்றாகப் பிடுங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.
மூன்றில் தலைமுடிக் கனத்தில் கம்பி.
நான்காவதில்
இரண்டங்குல ஆணி,
நீலம் பாரித்தது.

"இது போகாதுங்க" என்றார்.
"இதுக்குப் பதிலா வீடு போகும்."

கோயம்புத்தூரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.
இருபது வருஷமா அதே ஆணிதாம்மா,
ஒரு தடவை பியூஸ் போனதில்லை என்றார்.
குரலில் பெருமை.

கீழ் பஜாரில் கடைக்காரர் கேட்டார்: எத்தனை ஆம்பியர்?
ரத்த வகையைக் கேட்டது போல் முழித்தேன்.
செல்வின் முந்திக்கொண்டான்:
பதினஞ்சு கொடுங்க, ஹீட்டர் இருக்குல்ல.
போஜன் அவசரமே இல்லாமல் சொன்னார்:
"பியூஸ் ஹீட்டருக்கு இல்லீங்க.
சுவத்துக்குள்ள இருக்கிற வயருக்கு."

அந்த வயரை நான் காலையில் பார்த்திருந்தேன்.
மரப்பட்டையைக் கழற்றியதும்
ரப்பரும் பருத்தி நூலும்
வர்க்கி போல் உதிர்ந்தன.
உள்ளே செம்பு மட்டும்,
கூச்சத்தோடு.

ஐந்துதான் வாங்கினோம்.
அட்டையில் சுற்றிய வெள்ளிப் பூச்சுக் கம்பி.
சமையலறைக்கு மட்டும் பதினைந்து;
அங்கே யாரோ எப்போதோ புது வயர் இழுத்திருந்தார்கள்,
கிரைண்டருக்காக இருக்கலாம்.
மற்றதெல்லாம் மார்ச்சில், சீட்டு எடுத்ததும்.
அதுவரை ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவக்க வேண்டும்.

வீட்டில் ஒரு புதுப் பேச்சு வந்தது.
"இஸ்திரி போடப் போறேன்."
"இரு, அணைக்கிறேன்."
"அணைச்சாச்சா?"
"அணைச்சாச்சு, போடு."
கல்யாணமான நாளிலிருந்து
இவ்வளவு கேட்டுக் கேட்டு
நாங்கள் எதையும் செய்ததில்லை.

ஜனவரியில் உறைபனி இரவு.
காலை எட்டரைக்குத் தேயிலை ஃபாக்டரியில்
கணக்கர் வேலைக்கு அவனுக்கு இன்டர்வியூ.
பதற்றத்தில் எனக்குச் சொல்லாமல் இஸ்திரி போட்டான்;
குளிரில் அவனுக்குச் சொல்லாமல்
நான் இரண்டாவது கம்பியைச் சிவக்க விட்டிருந்தேன்.

டப்.

சின்னச் சத்தம்தான்.
இருட்டில் ஹீட்டர் மெல்லக் கறுத்தது,
ஜன்னலுக்கு வெளியே புல் வெளுத்திருந்தது.
யார் தப்பு என்று
அவனும் கேட்கவில்லை, நானும்.
எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி,
ஏதோ ஒன்று
சொன்ன வார்த்தைக்கு நின்றது போல.

டார்ச்சை அவன் பிடித்தான்.
மெயினை இறக்கி, கட்டையைப் பிடுங்கி,
உருகிய துணுக்கை ஊதித் தள்ளினேன்.
ஒரே இழை.
திருகாணியைச் சுற்றி வலப்பக்கமாக ஒரு சுற்று,
இழுத்து இறுக்காமல்.
விரல் மரத்து இரண்டு தடவை நழுவியது.
"ரெண்டா முறுக்கிப் போட்டா என்ன?" என்றான்,
உடனே அவனே, "வேண்டாம் வேண்டாம்."

ஒரு கை மடிப்பு நேராக,
மறு கை கசங்கலாக
அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான்.
மேலே ஸ்வெட்டர்.
குன்னூரில் யார் கழற்றச் சொல்லப்போகிறார்கள்?

ஆணியை எறியவில்லை.
மீட்டருக்குக் கீழே அடித்து
மின்வாரிய அட்டையை அதில் மாட்டியிருக்கிறேன்.
நன்றாகத் தாங்குகிறது.